ஒரு வாரத்துக்கு மட்டும் சொந்தம்

மகாராஜன் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று, செல்போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு கால் தொட்டியின் மூடியில். இன்னொரு கால் என்றைக்கோ செத்துப்போன டிஷ் ஆன்டெனாவின் கம்பியில்.

"சுத்துதாவே?" கீழே ஏணியைப் பிடித்திருந்த மூக்காண்டி கேட்டார்.

"சுத்துது."

"சுத்துனா வருமா, போயிருமா?"

"பேசாதேரும்வே. நீரு மூச்சு விட்டாக்கூட சிக்னல் போகுது."

மூக்காண்டி மூச்சை அடக்கிக்கொண்டார். இருவரும் கூட்டுறவு சங்கத்து உரக்கிடங்கில் வேலை பார்ப்பவர்கள். மகாராஜன் கிளார்க். மூக்காண்டி காவலாளி. யூரியா மூட்டைகள் எங்கேயும் ஓடிவிடாது என்பதால், அவருக்கு ஏணி பிடிக்க நேரம் இருந்தது.

'சுகவாசம் ஹாலிடே கிளப்'பின் முன்பதிவு காலையில் திறக்கும். திறந்த வேகத்தில் அறைகள் காணாமல் போகும். திருநெல்வேலியில் ஒரு துணிக்கடையில் கூப்பன் எழுதிப் போட்டதற்கு, ஏ.சி. ஹாலில் உட்கார வைத்து, பட்டர் நான் கொடுத்து, பலூன் உடைத்து, மகாராஜனை அந்தக் கிளப்பின் 'நீல உறுப்பினர்' ஆக்கியிருந்தார்கள். வருசத்தில் ஒரு வாரம், ஊர் ஊராக இருக்கிற ரிசார்ட்டுகளில் ஒன்றில், அவருக்கென்று ஒரு அறை. இருபத்தைந்து வருசத்துக்குச் சொந்தம். இதற்கு 'டைம்ஷேர்' என்று பெயர்.

நீலம் என்றால் என்ன என்று வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் தெரிந்தது. மே மாதம் கிடையாது. தீபாவளி, பொங்கல் கிடையாது. ஆடி மாதமும் அடைமழைக் காலமும்தான் நீலம். அதிலும் போன வருசம் கேட்ட தேதியெல்லாம் 'மன்னிக்கவும்' என்றே வந்தது.

செல்போனில் சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்றது. பச்சை நிறத்தில் ஒரு டிக்.

"விழுந்துட்டுவே" என்றார் மகாராஜன்.

மூக்காண்டி பதறிப்போய் ஏணியை விட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி ஓடினார். "எந்தப் பக்கம் விழுதீரு? எந்தப் பக்கம்வே?"

"நான் விழலவே. ரூம் விழுந்துட்டு."

ஏணி மெதுவாகச் சரிந்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் போய்ச் சாய்ந்தது.

சத்தம் கேட்டு மாடிக்கு வந்தாள் கனகலட்சுமி. தொட்டி மேல் நிற்கும் புருசனைப் பார்த்தாள். முருங்கை மரத்து ஏணியைப் பார்த்தாள். மூக்காண்டியைப் பார்க்கவில்லை, அவர் அதற்குள் படியிறங்கிவிட்டார்.

"ஏட்டி கனகம், கிடைச்சிட்டு. ஜலதரங்கம் தீம் பார்க். உள்ளயே ரிசார்ட்டு. ஜன்னலத் தொறந்தா சறுக்கு. ஏணிய எடுத்து வையி, எறங்கி வந்து சொல்லுதேன்."

"தேதியச் சொல்லுங்க. வைக்குதேன்."

மகாராஜன் செல்போனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஆடியிலதான்."

"ஆடியில என்னைக்கு?"

"தபசு வாரம்."

கனகலட்சுமி ஏணி பக்கம் போகவே இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தெற்கு ரத வீதியில வீட்ட வச்சிக்கிட்டு, தபசுத் திருவிழாவுக்குப் பூட்டிட்டுப் போவீயளா? அம்மன் தபசிருக்கிற மண்டபம் நம்ம மாடியிலருந்து எட்டிப் பார்த்தாத் தெரியுது. ஊரே நம்ம மாடிக்கு வருது. நாம சறுக்குல சறுக்கப் போகணுமா?"

"நான் என்னைக்குட்டி மாடியிலருந்து பார்த்திருக்கேன்?" என்றார் மகாராஜன். தொட்டி மேல் நின்றதால் மேடைப் பேச்சு மாதிரி வந்தது. "எங்க அப்பா கட்டுன வீடு. எங்க அப்பா கட்டுன மாடி. ஒரு தபசாவது நான் உக்காந்து பார்த்திருக்கேனா? சாமி காட்சி கொடுக்கும்போது நான் காப்பி ஆத்திக்கிட்டிருப்பேன். இல்லன்னா இலை எடுத்துக்கிட்டிருப்பேன். படுக்க இடமில்லாம பைக்கு பக்கத்துல சாக்கை விரிச்சிப் படுக்கேன். அந்த செல்லப்பா சித்தப்பா இருக்காரே, வருசா வருசம் முன் ரூம் கட்டில அப்பிடியே எடுத்துக்கிடுதாரு. வெந்நீர் கேக்காரு. ஃபேன் சத்தம் போடுதுங்காரு. உங்க அப்பாவுக்கு அவரு என்ன முறைன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"பெரியவங்களப் பேசாதீங்க."

"பேசல. கேக்கவும் முடியல."

அது உண்மை. தபசுக்கு வாசலில் வந்து நிற்பவரைப் பார்த்து 'நீங்க யாரு' என்று கேட்பது அந்தத் தெருவில் நடக்காத காரியம். கேட்டவன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பாதிகூட நிறையாது. தெரியாத முகமாக இருந்தால் வீட்டுக்காரி வழிச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டு, 'வாங்க சித்தப்பா' என்று பையை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மகாராஜன் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தார்.

"உல்லாசமாப் போகணும்னா நான் போடுத பேக்கேஜுக்கு என்ன குறை?" என்றாள் கனகலட்சுமி. "போன வருசம் காலாண்டு லீவுக்குப் போகலையா? ரூம், பார்க் டிக்கெட்டு, காலை டிபன் எல்லாம் சேர்த்து. போனோம், நனைஞ்சோம், வந்தோம். இருபத்தஞ்சு வருசத்துக்கு யாருக்கும் வாக்குக் கொடுக்கல."

"அது வாடகை. இது சொந்தம்."

"ஒரு வாரம் நமக்குச் சொந்தம். மிச்ச அம்பத்தோரு வாரமும் அது யாருக்குச் சொந்தம்? அவங்க அழுக்காக்குத ரூமுக்கு நாம பராமரிப்புக் கட்டணம் கட்டுதோம்."

இந்தப் பேக்கேஜ் விசயத்தில் அவளை ஜெயிக்க முடியாது. அவரிடம் பைசா கேட்காமல் எல்லாம் 'ஆஃபர்ல வந்திச்சி' என்பாள். முன்பதிவுச் சலுகை, பண்டிகைத் தள்ளுபடி, நள்ளிரவு விற்பனை. பிளஸ் டூ படிக்கிற மகள் காவியாவும் அவளும் செல்போனில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அடுத்த மாதம் எங்கேயோ ஒரு நீச்சல்குளத்தில் இருப்பார்கள். அந்த எரிச்சலில்தான் அவர் துணிக்கடைக் கூப்பனையே எழுதினார்.

"சரி, ஒண்ணு கேளு" என்றார். "இந்த வருசம் சொந்தக்காரங்க வரலன்னா? அப்ப பூட்டிட்டு வருவியா?"

கனகலட்சுமி யோசித்தாள். "வாசல்ல ஒருத்தரும் வந்து நிக்கலன்னா, நானே பூட்டுதேன். வந்து நின்னாங்கன்னா, நீங்க வேட்டி கட்டிக்கிட்டு வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்லணும். நீங்க இல்லாமத் தபசா? நீங்க அங்கன நின்னாத்தான் வீடு நிறைஞ்ச மாதிரி இருக்கு."

கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தொட்டி மேல் நின்ற மகாராஜன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆனாலும் பந்தயம் பந்தயம்தான்.

"ஏணிய வையி" என்றார்.

மறுநாள் உரக்கிடங்கில், பொட்டாஷ் மூட்டைகளுக்கு நடுவில் திட்டம் உருவானது.

"சொந்தக்காரங்கள வரவேண்டாம்னு சொல்ல முடியாது. ஆனா அவங்களே வராம இருக்கலாம்லாவே?" என்றார் மகாராஜன்.

"எதுக்கு வராம இருப்பாங்க?"

"கக்கூஸ் இல்லன்னா?"

மூக்காண்டியின் முகம் மலர்ந்தது. 'மகாராஜன் வீட்டுல செப்டிக் டேங்கு நிறைஞ்சிட்டு. தோண்டணும். தபசுக்கு முன்னால முடியாதாம்.' இந்தச் சேதியைப் பனவடலிசத்திரம் பஸ்ஸில் போகிற ஒரு ஆளிடம் சொன்னால் போதும். பனவடலிசத்திரத்தில் இருப்பது முப்பிடாதியம்மாள் அத்தை. அத்தை காதுக்குப் போனால் இளையரசனேந்தல் வரைக்கும் எல்லாச் சொந்தத்துக்கும் போன மாதிரி.

சேதி போனது. இரண்டு நாள் ஒரு போனும் இல்லை. மகாராஜன் ஒரு புது அரைக்கால் டவுசரும், தண்ணீரில் நனையாத செல்போன் உறையும் வாங்கினார்.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் வேலை முடிந்து தெருவுக்குள் பைக் நுழையும்போதே, கடப்பாரைச் சத்தம் கேட்டது. தன் வீட்டுப் பக்கமிருந்துதான் கேட்டது.

பின்கட்டில் மண் மலை மாதிரி குவிந்திருந்தது. குழிக்குள் தலைப்பாகை கட்டிய தலைகள் தெரிந்தன. மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்து முப்பிடாதியம்மாள் அத்தை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாய்யா மருமவனே" என்றாள். "தொட்டி தோண்டணும்னா வாயத் தொறந்து சொல்லமாட்டியா? பஸ்ஸுல எவனோ சொல்லித் தெரிய வேண்டியிருக்கு. கூலி ஆளு எதுக்கு? நம்ம பயலுவ இத்தன பேரு கிணறு வெட்டுன கை. தபசுக்கு வாரதுதான, மூணு நாளு முன்னாலயே எல்லாரும் கிளம்பி வந்துட்டோம்."

"அத்த, தொட்டி..." என்று ஆரம்பித்த மகாராஜன், குழியை எட்டிப் பார்த்தார். "தொட்டி அந்தப் பக்கம்லா இருக்கு."

குழிக்குள் இருந்து தங்கசாமி மாமா நிமிர்ந்தார். இளையரசனேந்தலில் மானாவாரி விவசாயம் பார்ப்பவர். அவர் கையில் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாய் இருந்தது. இரண்டு முனையும் உடைந்திருந்தது.

"அப்ப இது என்னது மாப்ள?"

அது கழிவறையிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாய். அதாவது, அதுவரை போய்க்கொண்டிருந்த குழாய்.

நல்லாயிருந்த கக்கூஸ் இப்போது நிஜமாகவே இல்லை. வராமல் இருக்க வேண்டியவர்கள் முன்கூட்டியே வந்திருந்தார்கள். அந்தச் சாயங்காலத்திலிருந்தே ஆள் மாற்றி ஆளாக, அத்தை, மாமா, சித்தி, சித்தி மகன்கள், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாரும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் முருங்கை மரம் விசயத்திலேயே கோபமாக இருந்தவர்.

கனகலட்சுமி குழிக்கரையில் நின்றாள். முகத்தில் ஈ ஆடவில்லை. மகாராஜன் திட்டு வாங்கத் தயாராக நின்றார். அவள் திட்டவில்லை.

"தபசுக்கு இன்னும் எத்தன நாளு இருக்கு?" என்றாள் காவியாவிடம். குரல் என்னவோ போலிருந்தது.

"மூணு நாளும்மா."

"கொத்தனாருக்குப் போனப் போடு. இன்னைக்கே வரணும்னு சொல்லு."

அவள் இவ்வளவு பதறி மகாராஜன் பார்த்ததில்லை. விருந்தாளிகளின் சௌகரியத்தில் அவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்தில்தான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. மின்னல் மாதிரி. நம்ம வீட்டில் கக்கூஸ் இல்லை. சொந்தக்காரர்களுக்கு இடம் இல்லை. ஆனால் நமக்கு ஒரு ரிசார்ட் அறை இருக்கிறது. நாம் வீட்டைப் பூட்டிவிட்டு ரிசார்ட்டுக்குப் போவதற்குப் பதிலாக, சொந்தக்காரர்களை ரிசார்ட்டுக்கு அனுப்பிவிட்டு நாம் வீட்டில் இருந்தால் என்ன? காலி வீடு. காலி மாடி. ஒரு நாற்காலி. ஒரு டம்ளர் காப்பி. கண்ணெதிரே தபசுக் காட்சி.

கிளப்புக்குப் போன் போட்டார். விஜிதா என்ற பெண் எடுத்தாள். தேனில் ஊறிய குரல்.

"சுகவாசத்திலிருந்து விஜிதா பேசறேன் சார். உங்க கனவு விடுமுறைக்கு நான் எப்படி உதவலாம்?"

"அம்மா, எங்க ரூம்ல எங்களுக்குப் பதிலா எங்க சொந்தக்காரங்க தங்கலாமா?"

"தாராளமா தங்கலாம் சார். எத்தனை பேர்?"

மகாராஜன் ஜன்னல் வழியாக எண்ணினார். குழிக்குள் இருந்தவர்களை எண்ண முடியவில்லை. "ஒரு வேன் நிறைய இருக்கும்."

"ஒரு அறைக்கு நாலு பேர்தான் சார். ஆனா கவலையே வேண்டாம். இது நீல சீசன், அறைகள் காலியா இருக்கு. உங்க அடுத்த ரெண்டு வருஷத்து வாரங்களையும் இப்பவே சேர்த்து எடுத்துக்கலாம். மூணு அறை. கூடவே உங்க வாரங்களும் வீணாகாது."

"அப்ப அடுத்த ரெண்டு வருசமும் எனக்கு ரூம் கிடையாதா?"

"பராமரிப்புக் கட்டணம் மட்டும் வழக்கம்போல வரும் சார்."

மகாராஜன் கண்ணை மூடினார். அந்தக் காலி நாற்காலி தெரிந்தது. "போட்டுருங்கம்மா" என்றார்.

இதைக் கனகலட்சுமியிடம் சொல்வதற்கு முன்னால் அவர் இரண்டு தடவை சமையலறை வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். தபசுக்கு வந்த சொந்தத்தை வேனில் ஏற்றி அனுப்புவதா என்று வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள். அத்தையை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பது அதைவிடப் பெரிய பயம்.

கனகலட்சுமி குதிக்கவில்லை. "எல்லாருமா?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாரும்."

"எல்லா ரூமும் காலியா இருக்கும்?"

"ஆமாட்டி. நீயும் நானும் காவியாவும்தான்."

"நல்ல யோசனையாத்தான் இருக்கு" என்றாள். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அது தன் புத்திசாலித்தனத்தின் மேல் வந்த வெளிச்சம் என்று மகாராஜன் எடுத்துக்கொண்டார். அவள் உடனே எலுமிச்சம்பழம் பிழிய ஆரம்பித்தாள், வேனுக்குப் புளியோதரையா எலுமிச்சைச் சாதமா என்று யாரையும் கேட்காமல்.

அத்தையும் குதிக்கவில்லை. செல்போனில் காவியா காட்டிய சறுக்கை மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தாள். "கோமதியம்மா வருசா வருசம் தபசிருக்கா. அடுத்த வருசமும் இருப்பா" என்றாள். "இந்த மாதிரி ஒரு சறுக்கு பனவடலிசத்திரத்துக்கு எப்ப வாரது? ஏலே தங்கசாமி, கடப்பாரையப் போடு. துண்ட எடு."

கொத்தனார் குழாயை ஒட்டி, குழியை மூடி, சிமெண்டும் பூசிவிட்டுப் போனார். தபசுக்கு முந்தின நாள் காலையில் வேன் கிளம்பியது. அத்தை முன் சீட்டில் உட்கார்ந்து கையை ஆட்டினாள். மகாராஜன் தெருமுனை வரைக்கும் வேன் பின்னாலேயே நடந்து போய், திரும்பி வரவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு வந்தார்.

பந்தயத்தில் அவர் ஜெயித்த மாதிரிதான். டைம்ஷேர் என்றால் சும்மாவா? பேக்கேஜ் போட்டிருந்தால் இப்படி ஒரு வேன் சொந்தத்தை ஒரே நாளில் இறக்கி வைத்திருக்க முடியுமா? மூக்காண்டிக்குப் போன் போட்டு இதையே மூன்று விதமாகச் சொன்னார்.

தபசு அன்று விடிந்ததும் குளித்தார். திருநீறு பூசினார். மாடிக்கு ஒரு சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், மண்டபம் நேராகத் தெரிகிற இடத்தில் போட்டார். இப்படித் தள்ளிப் பார்த்தார். அப்படித் தள்ளிப் பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார். அவர் அப்பா கட்டிய மாடியில் இருந்து உலகம் ரொம்ப அழகாக இருந்தது.

"அப்பா" என்று காவியா கீழிருந்து கூப்பிட்டாள். "வேட்டி மாத்திட்டு வாசலுக்கு வாங்கப்பா. ஒரு போட்டோ. போன வருசம் எடுத்தது வெளிச்சம் பத்தல. சும்மா கும்பிடுத மாதிரி நில்லுங்க. சிரிங்க."

சிரித்தார். காரணம் கேட்கத் தோன்றாத சந்தோசம். அவள் எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஒரு புருசன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், சக்கரம் வைத்த பெட்டி.

கை ஏற்கெனவே கும்பிட்டபடி இருந்தது. வாய் பழக்கதோசத்தில் திறந்தது. "வாங்க, வாங்க. பிரயாணம்லாம் சௌகரியமா?"

பெட்டியையும் அவரே தூக்கிக்கொண்டார். உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினால் ஒரு கார். அதிலிருந்து இறங்கிய வயதான தம்பதியை அவருக்குத் தெரியும். போன வருசமும் வந்திருந்தார்கள். "வாங்க பெரியப்பா" என்றார். அதற்கடுத்து ஒரு வேன். கண்ணாடி போட்ட ஒரு பையன் வந்ததும் வராததுமாக, "வைஃபை பாஸ்வேர்டு என்ன அங்கிள்?" என்றான். ஒரு அம்மா துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "பரவாயில்ல, சுத்தமா இருக்கு" என்றாள்.

மத்தியானத்துக்குள் வீடு நிரம்பிவிட்டது. மகாராஜன் இலை எடுத்தார். காப்பி ஆற்றினார். இடையில் மாடிக்கு ஓடிப்போய் நாற்காலியைப் பார்த்தார். அதில் செல்லப்பா சித்தப்பா சாய்ந்திருந்தார்.

"தம்பி" என்றார் அவர். "வெந்நீர் இந்த வருசம் நல்ல சூடா வந்திச்சி. ஃபேன் சத்தமும் நின்னுட்டு. ரொம்ப திருப்தி."

மகாராஜன் தலையை ஆட்டிவிட்டு, படியில் பாதி இறங்கும்போதுதான் செல்போன் அடித்தது. வீடியோ கால். திரையில் முப்பிடாதியம்மாள் அத்தை. சேலைக்கு மேலே ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. பின்னால் செயற்கைக் கடல் அலை.

"மருமவனே, நல்லா இருய்யா" என்றாள். "இந்தா, எல்லாரையும் காட்டுதேன் பாரு. தங்கசாமி அந்தா சறுக்குதான். சித்தி குழாய்க்கு அடியில. பிள்ளையெல்லாம் இந்தா. சொந்தம்னு ஒரு ஆளு விடாம எல்லாரும் இங்கனதான் இருக்கோம். உனக்குத்தான் பாவம், வீடு வெறிச்சோடிக் கிடக்கும்."

மகாராஜன் படியில் அப்படியே நின்றார்.

மேலே மாடியில் ஆள். கீழே கூடத்தில் ஆள். சமையலறை வாசலில் ஆள். அத்தை வழி, அப்பா வழி, கனகத்தின் அண்ணன் தம்பி வழி எல்லாரும் அலையில் மிதக்கிறார்கள்.

அப்படியானால் இவர்கள் யார்?

சமையலறைக்குள் பாய்ந்தார். கனகலட்சுமி இட்லித் தட்டுக்கு நடுவில் நின்றாள்.

"ஏட்டி, இவங்கள்லாம் உன் பக்கத்து ஆளுங்களா?"

"உங்க பக்கம்னுல்லா நினைச்சேன்" என்றாள் அவள், நிமிர்ந்து பார்க்காமல். "அந்தத் தேங்காய்ச் சட்னிய மாடிக்குக் கொண்டுபோங்க."

"என் பக்கத்துல யாரும் மிச்சமில்லட்டி. எல்லாரும் தண்ணிக்குள்ள கிடக்காங்க."

"சட்னி ஆறுது பாருங்க."

சட்னி எப்படி ஆறும்? திருவிழாக் கூட்டத்தில் வீடு புகுந்து திருடும் கும்பல் பற்றிப் பேப்பரில் படித்திருக்கிறார். ஆனால் இப்படி மூன்று வருசமாக முன்கூட்டியே வந்து பழகி, வெந்நீரில் குளித்து, நோட்டம் பார்க்கிற கும்பலைப் பற்றிப் படித்ததில்லை. பீரோவைப் பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்தார். மூக்காண்டிக்குப் போன் போட்டார்.

"வே, உடனே வாரும். கிடங்கு வாசல்ல வச்சிருக்க கம்ப எடுத்துக்கிட்டு வாரும்."

"எதுக்குவே?"

"வீடு நிறைய விருந்தாளி."

"அது வருசா வருசம் உள்ளதுதான?"

"வாரும்னா வாரும்."

மூக்காண்டி கம்போடு வந்து மாடிப்படிக்குக் கீழே நின்றார். நின்றவுடனேயே அந்த முகர்ந்து பார்த்த அம்மா, "செக்யூரிட்டி கூட வச்சிருக்காங்க" என்று தன் புருசனிடம் மெச்சிக்கொண்டாள்.

சாயங்காலம் ஆனது. தெருவில் எள் போட இடமில்லை. தபசு மண்டபத்துக்கு எதிரே சுவாமி வரும் சத்தம் கேட்டது. பருத்தியும் வத்தலும் கையில் வைத்துக்கொண்டு, சாமி மேல் வீசுவதற்கு விவசாயிகள் காத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் இருந்த கூட்டம் முழுக்க மாடிப்படியை நோக்கி வந்தது.

மகாராஜன் படியின் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றார். வேட்டி நுனியில் சட்னி ஒட்டியிருந்தது.

"யாரும் மேல போகக்கூடாது" என்றார். "மொதல்ல எனக்கு ஒரு விசயம் தெரியணும்."

மாடியில் நாற்காலியைப் பத்திரமாக வைத்துவிட்டுத் துண்டு எடுக்கக் கீழே வந்திருந்த செல்லப்பா சித்தப்பா, கூட்டத்துக்கு முன்னால் நின்றார். மகாராஜன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்தத் தெருவில் யாரும் எந்தத் தபசுக்கும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"நீங்க யாரு?"

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. "போச்சு. அப்பா கேட்டுட்டாங்கம்மா" என்று காவியாவின் குரல் மெதுவாக வந்தது. மூக்காண்டி கம்பைக் கை மாற்றிப் பிடித்தார்.

செல்லப்பா சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளில் ஒரு குறையைக் கண்டவரின் வருத்தம்தான் இருந்தது.

"நான் தூத்துக்குடி தம்பி, உங்களுக்கு எந்த முறையும் இல்ல, கட்டில், வெந்நீர், மாடிக் காட்சியெல்லாம் எந்த லாட்ஜுலயும் கிடைக்கும், ஆனா உங்க வீட்டம்மா போடுத தபசு பேக்கேஜை நான் மூணு வருசமா விடாம எடுக்குறது, 'வாசலில் வீட்டுக்காரர் கும்பிட்டு நின்று சித்தப்பா என்று கூப்பிடுவார்'னு உங்க போட்டோவோட அதுல போட்டிருக்கதுக்காகத்தான்."